நம்பிக்கை முதிரும் முறை: தூத்தூர்க் கரையிலிருந்து ஒரு கால்பந்து ரசனை

ஓர் அணிக்குப் புதிய பயிற்சியாளர் வந்ததும் ரசிகர்களிடம் எழும் நம்பிக்கையை வெறும் ஆசை என்று ஒதுக்கிவிடுவது எளிது. தொடர்ந்து தோற்றவர்களுக்கு எந்த மாற்றமும் விடிவாகவே தோன்றும் என்று அதற்குக் காரணமும் சொல்லிவிடலாம். ஆனால் தந்தை ஆடிய மணலிலேயே மகனும் ஆடிப் பழகுகின்ற கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கடற்கரையில் நின்று பார்த்தால், அந்த நம்பிக்கை ஆசையில் தொடங்கினாலும் அதோடு நின்றுவிடுவதில்லை என்பதும், ஆடுகளத்தில் தென்படும் சிறு சிறு அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, ஏற்கத் தக்கதை ஏற்று, ஐயத்திற்குரியதை ஒத்திவைத்து வளர்கின்ற ஒரு தேர்ச்சி அது என்பதும் விளங்கும். ஆளை நம்புவதில் தொடங்கி ஆட்டமுறையை நம்புவதில் முதிர்வதே அந்தத் தேர்ச்சியின் வளர்ச்சி. 2018–19 பருவத்தில் சென்னை சிட்டி அணி ஐ-லீக் பட்டத்தை வென்ற வரலாற்றில் அதன் படிநிலைகளைத் தெளிவாகக் காணலாம்.

நாஞ்சில் நாட்டின் வயல்வெளிகளைக் கடந்து மேற்கே சென்றால், கேரள எல்லையை ஒட்டி, இரையுமன்துறை, பூத்துறை, தூத்தூர், சின்னத்துறை, இரவிபுத்தன்துறை, வள்ளவிளை, மார்த்தாண்டன்துறை, நீரோடி என்று மீனவக் கிராமங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடக்கின்றன. 1956 நவம்பர் 1 அன்று அன்றைய சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இப்பகுதி முதலில் திருவிதாங்கூரையும் பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தையும் சேர்ந்திருந்தது. எல்லைக்கு அப்பால் உள்ள பொழியூரும் கால்பந்துக்குப் பெயர்பெற்ற மீனவ ஊரே. ஆகவே மாநில எல்லை இங்கே நிலத்தைப் பிரித்திருக்கிறதேயன்றிப் பந்தைப் பிரிக்கவில்லை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் கிரிக்கெட் பிடித்திருக்கும் இடத்தை இந்தக் கரையில் கால்பந்து பிடித்திருக்கிறது; ஒவ்வொரு பக்கமும் ஏழு பேர் மட்டும் ஆடும் செவன்ஸ் என்ற குறுங்கள ஆட்டமும், ஊர்களுக்கிடையே நடக்கும் போட்டிகளும், உலகக் கோப்பைக் காலத்தில் தெருவுக்குத் தெரு பறக்கும் பிரேசில், அர்ஜென்டினா கொடிகளும் அந்த இடத்தை உறுதிசெய்கின்றன.

இந்தக் கரையின் ரசிகர் பெரும்பாலும் தாமும் ஆடியவர் என்பதை அவருடைய ரசனையின் முதல் தகுதியாகச் சொல்ல வேண்டும். காய்ந்த மணலில் பந்து உருளாது. உதைத்த இடத்துக்குப் பக்கத்திலேயே புதைந்து நின்றுவிடும். அலை நனைத்துச் சென்ற ஈரமணலிலோ அது எதிர்பார்த்ததைவிட வேகமாக ஓடும். இந்த இரண்டு தரைக்கும் நடுவே ஆடி வளர்ந்தவர், பந்து காலுக்கு வந்து சேர்ந்தபின் அதை என்ன செய்வது என்று யோசிப்பதில்லை. வருமுன்னரே பாதத்தின் எந்தப் பக்கத்தால் ஏற்பது, உடலை எந்தத் திசைக்குத் திருப்பிவைத்துக்கொள்வது என்று முடிவெடுத்திருப்பார். முதல் தொடுகை என்று பயிற்சியாளர்கள் சொல்வது, அதாவது வருகின்ற பந்தை முதன்முறை காலால் தொட்டு வசப்படுத்தும் செயல், இங்கே மணலே கற்றுக்கொடுக்கும் பாடமாக அமைந்துவிடுகிறது. அப்படிக் கற்றவர் பார்வையாளராக அமரும்போது அவருடைய கண், பந்தை அடிக்கும் காலை விட்டுவிட்டு, பந்துக்காகக் காத்திருப்பவர் நிற்கும் நிலையைத்தான் முதலில் தேடுகிறது.

இத்தகைய கண்ணுக்கு 2017–18 பருவம் பெருமையையும் வேதனையையும் ஒருசேரக் கொடுத்தது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் இந்தக் கடலில் வீசியபோது ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பலர் திரும்பவில்லை. துயரம் எட்டாத தெரு என்று இக்கிராமங்களில் எதுவும் இருக்கவில்லை. அதே பருவத்தில்தான் தூத்தூர்ப் பகுதியைச் சேர்ந்த இடதுகால் ஆட்டக்காரரான மைக்கேல் சூசைராஜ், சவுந்தரராஜனின் பயிற்சியில் இருந்த சென்னை சிட்டி அணிக்காக ஆடி, ஐ-லீக்கின் சிறந்த நடுக்கள வீரர் என்ற விருதைப் பெற்றார்; அவருடைய அண்ணன் மைக்கேல் ரெஜினும் அந்த அணிக்காக ஆடியவரே. ஆயினும் அணி 10 அணிகளில் 8ஆம் இடத்தில்தான் முடிந்தது. தங்கள் பிள்ளை மிளிர்ந்தார், அணி மிளிரவில்லை என்பதே அந்த ஆண்டின் கணக்கு. ரசிகர் அணியை ஒரு தனிமனிதர் வழியாக நேசிக்கும் முதல் படி இது. இயல்பானது, அன்பு நிறைந்தது, ஆனால் அந்த மனிதர் பந்தைத் தொடாத நிமிடங்களில் பார்ப்பதற்கு எதுவுமில்லாமல் தவிப்பது.

2018இல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆடும் ஜாம்ஷெட்பூர் அணிக்குச் சென்றுவிட்டார். சிறந்த ஆட்டக்காரரை இழந்த அணிக்குச் சிங்கப்பூரைச் சேர்ந்த அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். சிங்கப்பூரில் டாம்பைன்ஸ் ரோவர்ஸ் அணியையும் பிலிப்பைன்ஸில் குளோபல் அணியையும் நடத்தியிருந்த அவர், இந்திய ரசிகர்களுக்கு அதிகம் அறிமுகமில்லாதவர். பெயரால் நம்பிக்கை ஊட்ட முடியாதவர் ஆட்டத்தால்தான் ஊட்ட வேண்டும். அதனாலேயே அந்தப் பருவத்தில் வளர்ந்த நம்பிக்கை, ரசனையைப் பற்றிப் பேசுவதற்கு மிகப் பொருத்தமானதாகிறது.

தேர்ந்த ரசிகர் பார்க்கும் முதல் அடையாளம் ஆட்டம் எங்கிருந்து தொடங்குகிறது என்பது. தோல்விக்கு அஞ்சும் அணியின் கோல்கீப்பர், பந்து கைக்கு வந்ததும் அதை நடுக்களத்துக்கு அப்பால் ஓங்கி உதைத்துவிடுவார்; ஆபத்து தொலைவுக்குப் போய்விட்டதாகத் தோன்றினாலும், அந்தப் பந்து எதிரணியின் கால்களில் விழுந்து சிறிது நேரத்தில் மீண்டும் திரும்பிவரும். அக்பர் நவாஸின் அணி பந்தைத் தன்வசம் வைத்துக்கொண்டு ஆடும் முறையைச் சேர்ந்தது. அம்முறையில் கோல்கீப்பர் பக்கத்தில் நிற்கும் தற்காப்பாளருக்குப் பந்தைத் தரையோடு தள்ளுகிறார், எதிரணியின் முன்கள வீரர் அதைப் பறிக்க ஓடிவருகிறார், அவர் விட்டுவந்த வெற்றிடத்துக்குள் நடுக்கள வீரர் ஒருவர் இறங்கிவருகிறார், தற்காப்பாளர் நேரே அவருக்குக் கொடுக்காமல் விளிம்பில் நிற்கும் மற்றொருவர் வழியாக அவருக்குச் சேர்ப்பிக்கிறார். மூன்றாவது ஆளைக் கண்டடைதல் என்று பயிற்சியாளர்கள் குறிப்பிடும் இந்த நுட்பத்தில், பந்தைக் கொடுப்பவரும் பெறுபவரும் மட்டுமல்லாமல், அடுத்த நொடியில் பெறப்போகும் ஒருவரும் முன்கூட்டியே நகரத் தொடங்கியிருக்க வேண்டும். மணலில் பழகிய கண் தேடுவது அந்த மூன்றாவது ஆளின் முதல் அடியைத்தான். அது சரியான வேளையில் எடுத்துவைக்கப்பட்டால், பாஸ் பிழைத்துப் பந்து பறிபோனாலும்கூட ரசிகர் மனத்தில் நம்பிக்கை ஓர் அங்குலம் உயர்கிறது.

இதனை இந்தக் கரையினரே நன்கறிந்த ஒன்றோடு ஒப்பிடலாம். வலை விரிப்பவர் கடலில் மீனைப் பார்ப்பதற்கு முன்பு நீவாட்டைப் பார்க்கிறார், அதாவது மேற்பரப்புக்குக் கீழே நீர் எந்தப் பக்கம், எவ்வளவு வேகத்தில் இழுக்கிறது என்று கணிக்கிறார். நீவாடு சாதகமாக இருந்தால் முதல் வலை வெறுமையாக வந்தாலும் அவர் இடத்தை மாற்றுவதில்லை. கோல் விழாத ஆட்டத்திலும் அணியின் போக்கைக் கணித்து நம்பிக்கை கொள்பவரும் அவ்வாறே செயல்படுகிறார். அவர் நம்புவது வரப்போகும் முடிவை அன்று, முடிவைக் கொண்டுவரக்கூடிய இழுவிசையை.

இரண்டாவது அடையாளம் பந்தை இழந்த அடுத்த நொடி. பந்து பறிபோனதும் கைகளை விரித்து நடுவரைப் பார்க்கும் அணி ஒருவகை. பறித்தவர் தலை நிமிர்ந்து அடுத்த பாஸைத் தேடுவதற்குள் இருவர் மூவராக அவரைச் சூழ்ந்துவிடும் அணி வேறுவகை. இப்படிச் சூழ்ந்து அழுத்துவதைப் பிரெஸ்ஸிங் என்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது வெறும் ஓட்டமாகத் தோன்றும். உண்மையில் ஒருவர் தனியாக ஓடினால் அது வீண்வேலை, அனைவரும் ஒரே நொடியில் ஓடினால்தான் அது பொறி. ஆகவே பிரெஸ்ஸிங் ஒழுங்காக அமைவது, பயிற்சியாளர் சொன்னதை அணி முழுவதும் நம்பிவிட்டது என்பதற்கான சான்று. வீரர்களிடம் நம்பிக்கை வந்துவிட்டதைக் கண்ட பிறகே தேர்ந்த ரசிகர் தம்முடைய நம்பிக்கையை வெளிப்படையாகச் சொல்லத் துணிகிறார்.

அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்தில், கோயம்புத்தூர் நேரு விளையாட்டரங்கில், இந்தியன் ஏரோஸ் அணியைச் சென்னை சிட்டி 4–1 என்று வென்றது. உருகுவேயில் பிறந்த பெட்ரோ மான்சி ஒருவரே மூன்று கோல் அடித்தார். அதன்பின் ஈஸ்ட் பெங்கால் அணியைக் கொல்கத்தாவிலும் கோவையிலும் வென்றது. அந்த ஈஸ்ட் பெங்காலும் அலெஹாந்த்ரோ மெனெண்டஸ் என்ற புதிய ஸ்பானியப் பயிற்சியாளரின் கீழ் ஆடிய அணியே. இரண்டு புதிய பயிற்சியாளர்களின் அணிகள் பட்டத்துக்காகக் கடைசி நாள்வரை போட்டியிட்டன என்பது அந்தப் பருவத்தின் தனிச்சிறப்பு. மான்சி 21 கோல்கள் அடித்தார். நெஸ்டர் கோர்டியோ, சாந்த்ரோ ரொட்ரீகஸ் ஆகிய ஸ்பானிய நடுக்கள வீரர்கள் அவருக்குப் பந்தை ஊட்டினர். சென்னை நெசப்பாக்கத்தின் எட்வின் சிட்னி வான்ஸ்பால் அவர்களோடு இணைந்து உழைத்தார். 20 ஆட்டங்களில் அணி அடித்தவை 48 கோல், வாங்கியவை 28. வாங்கிய இந்த 28ஐ மறைக்காமல் கணக்கில் சேர்ப்பதும் ரசனையின் பகுதியே. முன்னேறி ஆடும் அணி தன் முதுகுப்புறத்தைத் திறந்துவைத்தே ஆடுகிறது என்பதை அறிந்து, அந்த விலையைக் கொடுக்கலாம் என்று ஒப்புக்கொள்வதுதான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்ட நம்பிக்கை.

மூன்றாவது அடையாளம் சோதனையின்போது மட்டுமே வெளிப்படும். கடைசிக்கு முந்தைய ஆட்டத்தில் கோவாவில் சர்ச்சில் பிரதர்ஸிடம் தோற்றதால், பட்டம் 2019 மார்ச் 9ஆம் நாள் கோவையில் மினர்வா பஞ்சாப் அணியுடன் நடக்கவிருந்த ஆட்டத்தில்தான் தீர்மானமாகும் என்ற நிலை உண்டாயிற்று. அன்று மூன்றாம் நிமிடத்திலேயே மினர்வாவின் ரோலண்ட் பிலாலா கோல் அடித்துவிட்டார். இடைவேளைவரை சென்னை சிட்டி பின்தங்கியே இருந்தது. பழைய அணியாக இருந்தால் பந்தை உயரத் தூக்கியடித்து அதிர்ஷ்டத்தைத் துரத்தத் தொடங்கியிருக்கும் என்று ரசிகர் அஞ்சுகின்ற கட்டம் இதுவே. இந்த அணியோ பருவம் முழுவதும் ஆடிய ஆட்டத்தையே ஆடியது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியைக் கோலாக்கிச் சமன்செய்தார்; பிறகு தற்காப்பில் ஆடும் அசாம் இளைஞரான கௌரவ் போரா ஒன்றும், ஆட்டம் முடியும் தறுவாயில் மற்றொன்றுமாக இரண்டு கோல்கள் அடித்தார். அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலம் கேரளாவை வென்றுவிட்டதால், கோவையில் வெற்றி தவறியிருந்தால் பட்டமும் தவறியிருக்கும். 43 புள்ளிகளுடன் சென்னை சிட்டி முதலிடம். 42 புள்ளிகளுடன் ஈஸ்ட் பெங்கால் இரண்டாமிடம். ஓராண்டுக்கு முன் 8ஆம் இடத்தில் நின்ற அணிதான் சென்னை சிட்டி. பட்டத்தை உறுதிசெய்த கோல்களை நட்சத்திர முன்கள வீரர் அடிக்காமல் தற்காப்பு வீரர் ஒருவர் அடித்தார் என்பதில், ஆளைவிட முறை பெரிதாக வளர்ந்துவிட்ட உண்மை அடங்கியிருக்கிறது.

நம்பிக்கை இப்படிப் பருவத்தின் தொடக்கத்திலிருந்தே விதைத்து வளர்க்கப்படுவது ஒரு வகை என்றால், பருவத்தின் நடுவே மீட்கப்படுவது இன்னொரு வகை. 2019–20 இந்தியன் சூப்பர் லீக்கில் சென்னையின் எஃப்சி என்ற மற்றோர் அணி முதல் ஆறு ஆட்டங்களில் ஒன்றை மட்டுமே வென்றிருந்த நிலையில், பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகி ஓவன் கோயில் டிசம்பரில் பொறுப்பேற்றார். நேரம் இல்லாததால் அவர் அணியைப் புதிதாகக் கட்டவில்லை. இருந்தவர்களை அவரவர்க்கு இயல்பாக வரும் ஆட்டத்தை ஆடவிட்டார். நெரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல்கள் அடித்தார். நான்காம் இடம் பிடித்த அணி, அரையிறுதியில் கோவாவை இரு ஆட்டங்களின் கூட்டுக்கணக்கில் 6–5 என்று கடந்து இறுதிப்போட்டிக்குச் சென்றது. 2020 மார்ச் 14 அன்று கொரோனாவால் பார்வையாளர்களே இல்லாத படோர்டா அரங்கில் நடந்த அந்த இறுதிப்போட்டியில் 3–1 என்று ஏடிகே அணி வென்றது. அந்த ஏடிகே அணியில் சூசைராஜ் இருந்தார். தலைநகரத்து அணி தோற்க, தூத்தூர்ப் பிள்ளை வென்ற அந்த இரவில் குமரிக் கரையின் ரசிகருக்கு மகிழவும் வருந்தவும் ஒருங்கே காரணம் இருந்தது; ஊரின்மீது கொண்ட அன்பும் ஆட்டத்தின்மீது கொண்ட ரசனையும் ஒன்றையொன்று அழிக்காமல் ஒரே மனத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான தருணம் வாய்ப்பதரிது.

ஆழ்கடல் மீன்பிடிப்புக்குப் பெயர்பெற்ற இவ்வூர்களில் பலர் வாரக்கணக்கில் கடலில் தங்கித் திரும்புபவர்கள். ஒவ்வோர் ஆட்டத்தையும் தொடர்ந்து பார்க்க முடியாத இந்த நிலை ரசனைக்கு ஒரு குறையாகத் தோன்றினும், இடைவெளிவிட்டுப் பார்ப்பவருக்கு அணியின் மாற்றம் கூர்மையாகத் தெரியும் என்ற நன்மையும் அதில் உண்டு. நாள்தோறும் பார்ப்பவர் ஒரு தோல்வியில் துவண்டும் ஒரு வெற்றியில் துள்ளியும் போகும்போது, புறப்படும்முன் கண்ட அணியையும் திரும்பிவந்து காணும் அணியையும் அருகருகே வைத்துப் பார்ப்பவர், பயிற்சியாளரின் வேலை எங்கே பலித்திருக்கிறது, எங்கே பலிக்கவில்லை என்பதை நிதானமாக மதிப்பிடுகிறார். புதிய பயிற்சியாளருக்கு ரசிகர் தரக்கூடிய மிகப்பெரிய கொடை இந்த நிதானமே.

அக்பர் நவாஸின் அணி நெடுங்காலம் உச்சியில் நிற்கவில்லை. 2020–21 பருவத்துக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கிலேயே இல்லை. அணிகள் எழுந்து மறைவது இந்தியக் கால்பந்தில் வழக்கம். நிர்வாகம், பணம், உரிமம் என்று ஆடுகளத்துக்கு வெளியே உள்ள காரணங்கள் அவற்றின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன. ஆனால் ஒரு பருவம் முழுவதும் நல்ல ஆட்டமுறை ஒன்று உருவாவதைப் படிப்படியாகக் கண்டு தெளிந்த ரசிகர், அடுத்த அணிக்கும் அடுத்த பயிற்சியாளருக்கும் அதே அளவுகோலோடு வருகிறார். வெறும் பெயருக்கோ விளம்பரத்துக்கோ அவர் மயங்குவதில்லை, இரண்டு தோல்விகளுக்காகப் பயிற்சியாளரை விரட்டச் சொல்லிக் கூச்சலிடுவதுமில்லை. அத்தகைய ரசிகர்கள் பெருகும் இடத்தில் பயிற்சியாளர்களுக்கு வேலை செய்ய அவகாசம் கிடைக்கிறது, இளம் வீரர்களுக்குப் பிழைசெய்து கற்கச் சுதந்திரம் கிடைக்கிறது. தூத்தூர் முதல் நீரோடி வரையிலான கரை தமிழ்நாட்டுக்குச் சிறந்த ஆட்டக்காரர்களைத் தந்திருக்கிறது என்பதை நாடறியும். எதை, எப்போது, எவ்வளவு நம்புவது என்று அறிந்த ரசிகர்களையும் அது தந்திருக்கிறது என்பது அதற்கு இணையாகப் போற்றத்தக்க சாதனை.