மின்சார ரயிலின் நுட்பம்

சென்னையில் தாம்பரத்தை அடுத்துள்ள இரும்புலியூர் மக்கள் அன்றாடம் பழகும் இயந்திரங்களுள், கிரைண்டர் முதல் தையல் இயந்திரம் வரை பல இருப்பினும், தனித்த ரசனைக்குரியது மின்சார ரயிலே. 1931-இல் சென்னைக் கடற்கரை நிலையத்துக்கும் தாம்பரத்துக்கும் இடையே, தண்டவாளங்கள் ஒரு மீட்டர் இடைவெளி கொண்ட மீட்டர் கேஜ் பாதையில், 1,500 வோல்ட் நேர்மின்னோட்டத்தால் ஓடத் தொடங்கிய இது, இன்று அகலப் பாதையில் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்தால் இயங்குகிறது. கூரைமேல் மடங்கி விரியும் சட்டமாகிய பாண்டோகிராஃப், மேலே செல்லும் கம்பியை இடைவிடாது தொட்டு மின்சாரம் பெற, அதன் உச்சியிலுள்ள கரிப்பட்டை தான் தேய்ந்து செம்புக் கம்பியைக் காக்கிறது. அப்பட்டையும் ஓரிடத்திலேயே தேய்ந்துவிடாதிருக்கவே கம்பி இடமும் வலமுமாகச் சற்றே விலக்கிக் கட்டப்பட்டுள்ளது. எளிதில் மாற்றத்தக்க ஒன்றைத் தேயவிட்டு, மாற்றுதற்கு அரியதைக் காக்கும் இவ்வமைப்பு பொறியியல் அறிவின் உயர்ந்த வெளிப்பாடாகும்.