இடையகத்தின் அளவும் தரவு ஓட்டத்தின் நம்பகமும்

வெப்பம், அழுத்தம், அதிர்வு போன்றவற்றை மின்சமிக்ஞையாகப் பெற்று, சீரான கால இடைவெளியில் எண்களாக மாற்றிக் கணினிக்கு அனுப்புபவை தரவு சேகரிப்புக் கருவிகள். எண்ணாக்கும் பகுதி கடிகாரத் துடிப்புக்குக் கட்டுப்பட்டு இடையறாது இயங்க, அதைப் பெறும் கணினியோ பல பணிகளுக்குத் தன் நேரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கிறது. இவ்விரண்டின் நடை வேறுபாட்டை ஈடுசெய்ய இடையில் வைக்கப்படும் தற்காலிக நினைவகமே பஃபர் எனப்படும் இடையகம். தரவு இழப்பு நேரும்போதெல்லாம் அதைப் பெரிதாக்குவது இத்துறையில் வேரூன்றிய வழக்கம். அவ்வழக்கம் எதைத் தீர்க்கிறது, எதை மறைக்கிறது என்று பிரித்தறிவது அவசியம்.

இவ்வழக்கத்துக்கு வலுவான நியாயம் உண்டு. எட்டுத் தடங்களில், தடத்துக்கு நொடிக்கு 1 லட்சம் மாதிரிகள், மாதிரிக்கு 2 பைட் என்று கொண்டால், நொடிக்கு 16 லட்சம் பைட்டுகளே சேர்கின்றன. நொடிக்கு 480 மெகாபிட் வேகமுள்ள யுஎஸ்பி 2.0 இணைப்புக்கு இது சிறு சுமை. ஆயினும் கருவிக்குள் 4096 மாதிரிகளுக்கே இடமிருந்தால் அது 5.12 மில்லிநொடியில் நிறைந்துவிடுவதால், கணினி 20 மில்லிநொடி வேறு பணியில் மூழ்கினாலே இழப்பு நேரக்கூடும். சராசரி வேகம் போதுமானதாக இருந்தும் இடைநிறுத்தங்களால் வரும் இத்தகைய இழப்பைப் பெரிய இடையகம் முறையாகவே தடுக்கிறது.

எனினும், பெரும்பாலும் நிரலாளர் மாற்றக்கூடியது கணினி நினைவகத்தில் உள்ள இடையகத்தை மட்டுமே. கருவிக்குள் இருப்பதன் அளவு தயாரிப்பிலேயே முடிவாகிவிடுகிறது. உள்ளிடம் வழிந்தபின் வெளியிடம் எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. ஆகவே, பல வாசிப்புக் கோரிக்கைகளை முன்கூட்டியே வரிசையில் நிறுத்தி, நிரல் உறங்கும் வேளையிலும் கருவியிலிருந்து தரவு வெளியேறச் செய்வது, வெறும் அளவுப் பெருக்கத்தைவிடப் பயன்மிக்கது.

வேகப் பற்றாக்குறையை இடையகம் தீர்ப்பதில்லை என்பது அடுத்த குறை. நொடிக்கு 20 மெகாபைட் வரத்தும் 18 மெகாபைட் வட்டில் எழுதும் வேகமும் இருப்பின், 1000 மெகாபைட் இடையகம் 500 நொடிகளில் நிறையும். ஐந்து நிமிடச் சோதனையில் வெற்றி பெறும் அமைப்பு, ஒரு மணிநேர ஆய்வில் தோற்கும். வெள்ளத்தைத் தாங்கும் ஏரி, வடிகாலைவிட வரத்து என்றும் மிகுந்திருந்தால் கரையை எவ்வளவு உயர்த்தினாலும் தாங்காது.

பெரிய இடையகம் தாமதத்தைக் கூட்டும் என்ற குறையில் ஒரு குழப்பமும் கலந்திருக்கிறது. மொத்தக் கொள்ளளவும், ஒருமுறை வாசிக்கும் தொகுதியின் அளவும் வெவ்வேறானவை. ஒரு நொடித் தரவு திரண்டபின்தான் வாசிப்பது என்றால், தொகுதியின் முதல் மாதிரி கைக்கு வரும்போது ஒரு நொடிப் பழையதாகிவிடும். பதிவேட்டுக்கு இது பொருந்தும், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் பணிக்குப் பொருந்தாது. கொள்ளளவைப் பெரிதாகவும் தொகுதியைச் சிறிதாகவும் வைத்து, நிரல் வரத்துக்கு ஈடுகொடுத்து வாசித்து வந்தால் பாதுகாப்பும் விரைவும் ஒருங்கே கிட்டும். தொகுதியை மிகச் சிறிதாக்கினால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் ஆகும் செயற்சுமை கணினியை அழுத்தும்.

இடையகத்தின் அளவைக் காரணத்திலிருந்து பெறுவதற்கு ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தின் அட்லஸ் உணர்கருவி நல்ல சான்று. துகள் கற்றைகள் 25 நானோநொடிக்கு ஒருமுறை குறுக்கிடும் அங்கு, எந்த நிகழ்வைக் காப்பது என முதல்நிலைத் தேர்வு முடிவு செய்ய 2.5 மைக்ரோநொடி வரை ஆகும் என்று வகுக்கப்பட்டதால், குறைந்தது 100 குறுக்கீடுகளின் தரவைத் தாங்கும் இடம் தேவைப்பட்டது. அந்த அளவு ஊகத்தில் பிறந்ததன்று.

அறிவிக்கப்படாத வழிவே எல்லாவற்றினும் கொடிய குறை. மாதிரியின் வரிசை எண்ணைக் கொண்டே நேரம் கணக்கிடப்படும்போது, முன்சொன்ன எட்டுத் தட அமைப்பில் 16,000 மாதிரிகளின் இழப்பு அடுத்துவரும் அனைத்தின் நேரத்தையும் 20 மில்லிநொடி பிறழச் செய்கிறது. இழந்த எண்ணிக்கை எட்டால் வகுபடாவிடில் தடங்களே இடம் மாறக்கூடும்.

எனவே வரத்து வேகத்தை மிக நீண்ட இடைநிறுத்தத்தால் பெருக்கி, பாதுகாப்புக்குச் சற்றுக் கூட்டிக் கிடைப்பதே தக்க அளவு. அதைப் பெற இடைநிறுத்தத்தை முதலில் அளக்க வேண்டும். வழிவு நேர்ந்தால் கருவி அதை உரக்கச் சொல்லவும் வேண்டும். இழப்பை அறிவிக்கும் சிறிய இடையகம், இழப்பை மறைக்கும் பெரிய இடையகத்தைவிட ஆய்வுக்கு நேர்மையான துணை.