கணக்குத் தெரிந்த மனைவி

போன தாளடி அறுவடையின்போது தஞ்சாவூரில் உறவுக்காரர் வீட்டில் பத்து நாட்கள் தங்க நேர்ந்தது. அந்த வீட்டுப் பையன்கள் மூன்று பேர் இரவு முழுக்கக் கண்விழித்து ஓர் அமெரிக்கத் தொடரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 'பிரேக்கிங் பேட்' என்று பெயர். அந்த ஊர்த் தொலைக்காட்சியில் 2008-இல் தொடங்கி 2013-இல், 62 பகுதிகளோடு முடிந்துபோன சமாச்சாரம். தூக்கம் வராத நானும் கூட உட்கார்ந்தேன். வால்ட்டர் வைட் என்கிற பள்ளிக்கூட ரசாயன வாத்தியாருக்கு நுரையீரலில் புற்றுநோய். குடும்பத்துக்கு ஏதாவது சேர்த்து வைத்துவிட்டுச் சாக வேண்டும் என்று போதைமருந்து காய்ச்ச இறங்குகிறார். காய்ச்சக் காய்ச்ச அதிலேயே ருசி கண்டுவிடுகிறது. பிறகு பொய், கொலை, சாம்ராஜ்யம்.

பையன்களுக்கு வாத்தியார் மேல் அலாதியான பிரேமை. ஆனால் அவருடைய மனைவி ஸ்கைலர் திரையில் வந்தால் போதும், வசவு ஆரம்பமாகிவிடும். "அப்படி அவ என்னடா பண்ணிட்டா?" என்று ஒரு நாள் கேட்டுவைத்தேன். "புருஷன் உசிரக் குடுத்து சம்பாரிக்கிறான் மாமா. இவ ஆபீஸ் மொதலாளியோட போறா" என்றான் மூத்தவன். மற்ற இருவருக்கும் இதுவே அபிப்பிராயம்.

போகிறாள்தான், வாஸ்தவம். ஆனால் அந்த முதலாளி வரி ஏய்ப்பதற்காகச் செய்திருந்த கள்ளக் கணக்கையும் அவள் கண்டுபிடித்து, கண்டுபிடித்த பின் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். வரி அதிகாரி வந்து நிற்கும்போது கணக்கே தெரியாத அசடுபோல வேஷம் கட்டி அவரை ஏமாற்றுகிறாள். அதோடு புருஷனின் ரத்தப் பணத்தை வெள்ளையாக்குவதற்காகக் கார் கழுவும் நிலையம் ஒன்றை விலைக்கு வாங்கிக் கல்லாவில் உட்கார்ந்து, வராத கார்களுக்கு ரசீது போடுகிறாள். பணம் எண்ண முடியாத மலையாகக் குவிந்து கிடக்கிற அறையில் அவளை நிற்க வைக்கிறார்கள். தார்மிகமாக அவள் சரிந்த இடம் இதுதான், படுக்கை அல்ல. என் நீதிபதிகள் மூவருடைய குற்றப் பத்திரிகையில் இது ஒரு வரியாகக்கூட இல்லை. கேட்டதற்கு, "அதுல என்ன மாமா, வீட்டுக்காகத்தானே செய்யறா" என்றான் இளையவன்.

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் 'நியூயார்க் டைம்ஸ்' பத்திரிகையில் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பாத்திரத்தின் மேலிருந்த வெறுப்பு தன்மேலேயே திரும்பி, தன்னைக் கொல்ல வேண்டும் என்று எழுதுகிற அளவுக்குப் போனதைச் சொல்லியிருந்தார். கணவனுக்கு அடங்காத மனைவியைச் சகிக்க முடியாத சமூகம் என்பது அவருடைய விளக்கம். சரிதான், ஆனால் எனக்கு அது போதவில்லை. அந்தத் தொடரின் அமைப்பிலேயே ஒரு சூது இருக்கிறது. வாத்தியார் தன் ஒவ்வொரு பாதகத்தையும் 'குடும்பத்துக்காக' என்று விலாசம் எழுதி அனுப்புகிறார். அந்த விலாசத்தில் இருப்பவள் கையெழுத்துப் போட்டு வாங்க மறுத்தால் பாதகம் அவரிடமே திரும்பி வரும். பார்க்கிறவன் அதுவரை அனுபவித்த சந்தோஷமும் கூடவே திரும்பும். அவன் அவளை வெறுக்கிறது அதற்காக. கடைசிப் பகுதியில், இதையெல்லாம் எனக்காகவே செய்தேன் என்று வாத்தியார் அவளிடமே ஒப்புக்கொள்கிறார். பையன்கள் கைதட்டினார்கள். என்ன நேர்மை, என்ன நேர்மை!

இந்தக் கைதட்டல்தான் எனக்கு 'அம்மா வந்தா'ளை ஞாபகப்படுத்தியது. வாத்தியார் 62 பகுதிகள் கழித்துச் சொன்னதை, அலங்காரம் ஒருபோதும் மறைத்ததில்லை. சிவசு வருகிறான், போகிறான். அப்புவுக்குப் பின் பிறந்த குழந்தைகள் சிவசுவின் சாயலில் வளர்கின்றன. குடும்பத்துக்காகச் செய்தேன், வறுமைக்காகச் செய்தேன் என்று அவள் எந்த இடத்திலும் சொல்வதில்லை. பிள்ளையை வேதம் படிக்கக் காவேரிக் கரைக்கு அனுப்பியிருக்கிறாள், அவன் ரிஷியாகத் திரும்பி வந்தால் அவன் காலடியில் தன் பாவத்தைப் பொசுக்கிக்கொள்ளலாம் என்று. பாவம் தன்னுடையது என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. ஆணிடம் கைதட்டல் வாங்கிய அதே நேர்மை, 1966-இல் இந்த நாவல் வந்தபோது, பெண்ணிடம் திமிராகப் பட்டது. அவள் அழுதிருக்க வேண்டும். குறைந்தபட்சம் ஒரு காரணமாவது காட்டியிருக்க வேண்டும். ஜானகிராமன் இரண்டையும் கொடுக்கவில்லை என்பதே அன்றைய ஆத்திரத்தின் சாரம். 1972-இல் எம். கிருஷ்ணன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்பைப் பாருங்கள்: அப்புவின் தாயின் பாவங்கள் என்று அர்த்தம். தமிழில் அம்மா வருகிறாள், அவ்வளவே. ஆங்கிலத்துக்குப் போகிற வழியில் யாரோ தீர்ப்பையும் எழுதிச் சேர்த்துவிட்டார்கள்.

அறுபது வருஷமாக நாம் அலங்காரத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அவள் சரியா, தப்பா? தேவியா, வேசியா? (நம் பட்டிமன்ற மேடைகளில் கற்பில் சிறந்தவள் கண்ணகியா மாதவியா என்று பொங்கலுக்குப் பொங்கல் தொண்டை கிழியப் பேசுகிறோமே, இது அதன் இலக்கியப் பதிப்பு. கோவலனை யாரும் தலைப்பாக வைத்து நான் கேட்டதில்லை.) ஆனால் வாத்தியார் வீட்டை அலங்காரத்தின் வீட்டோடு பொருத்திப் பார்த்தபோது எனக்கு வேறொன்று தென்பட்டது. அலங்காரம் இருக்கிற இடம் ஸ்கைலருடையது அல்ல. அவள் செய்பவள், அதாவது வால்ட்டரின் இடத்தில் இருக்கிறாள். எல்லாம் தெரிந்து, தெரியாதவர்போல அதே கூரையின் கீழ் சாப்பிட்டுக்கொண்டு, வீடு கலையாமல் பார்த்துக்கொள்கிற ஸ்கைலர் அங்கே தண்டபாணிதான்.

தண்டபாணி பெரிய மனிதர்களுக்கு வேதாந்தம் சொல்லித்தருகிறவர். வயிற்றுப்பாட்டுக்கு அச்சுப் பிழை திருத்துகிறார். (ஜானகிராமன் இப்படியெல்லாம் சத்தமில்லாமல் குறும்பு செய்வார்.) சிவசு வரும் நேரம் அவருக்குத் தெரியும். குழந்தைகளின் ஜாடை தெரியும். ஆனாலும் இருக்கிறார். நம் வாசகர்கள் அவரைப் பற்றி என்ன சொன்னார்கள்? 'பாவம் மனுஷன்' என்றார்கள். ஞானி என்று சொன்னவர்களும் உண்டு. அதே நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்தபோது உலகம் முழுக்க வசை. தெரிந்தும் இருந்துவிட்ட கணவன் ஞானி, தெரிந்தும் இருந்துவிட்ட மனைவி வேஷக்காரி. இந்த வித்தியாசத்துக்கு நாவலோ தொடரோ பொறுப்பில்லை, தீர்ப்புச் சொன்ன நாம்தான்.

ஜானகிராமனைத் தொழுதுவிட்டு நகர்ந்துவிடவும் எனக்கு மனசில்லை. அலங்காரத்தை நாம் பார்ப்பது பெரும்பாலும் அப்புவின் கண்ணால். பிள்ளையின் கண்ணுக்கு அம்மா கோபுரம். அவளுடைய நடை, நிமிர்வு, முகத்தின் தீட்சண்யம் என்று கற்பூரம் காட்டிக்கொண்டே போகிறார். சௌந்தர்யத்தை மன்னிப்பாக்குவது அவருடைய பலவீனம். எந்த நாவலிலும் அதை அவர் முழுக்க உதறியதில்லை. அலங்காரம் சப்பை மூக்கும் சோர்ந்த தோளுமாக, அரிசி களைந்த கையோடு நின்றிருந்தால்? அந்த வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது, யார் பணத்தில் எது வந்தது, முதல் முறை சிவசு போன பிறகு இலையில் சோறு பரிமாறிய அலங்காரமும் சாப்பிட உட்கார்ந்த தண்டபாணியும் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதெல்லாம் நாவலுக்கு வெளியே நின்றுவிட்டது. அழகைப் பற்றி விவாதிக்க முடியாது. கணக்கைப் பற்றி முடியும்.

'த சோப்ரனோஸ்' என்று இன்னொரு தொடர், 1999 முதல் 2007 வரை ஓடியது. தாதாவின் மனைவி கார்மெலா ஒரு மனோவைத்தியரிடம் போகிறாள். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியேறு என்கிறார் கிழவர். கட்டணம் வேண்டாம், அது ரத்தப் பணம், தொடமாட்டேன் என்கிறார். யாரும் சொல்லவில்லை என்று மட்டும் இனி உன்னால் சொல்ல முடியாது என்கிறார். அவளுடைய படுக்கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முழு விசாரணையும் அவள் கைப்பையைப் பற்றி. அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு நான் தமிழில் துழாவினேன். ஒரு மனைவியைப் பார்த்து, நீ சாப்பிட்ட சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்கிற ஒரு பக்கம் எனக்குத் தட்டுப்படவில்லை. நமக்குப் பெண்ணின் தர்மம் என்றால் கற்பு. அதில் தேறிவிட்டால் மற்றப் பாடங்களில் அவளுக்குப் பரீட்சையே கிடையாது.

இதைத் தஞ்சாவூர்க்காரன் சொல்ல வேண்டிய அவசியம் இருக்கிறது. மிராசு வீடுகளின் சோறு எப்படி வந்தது என்று இந்த மண்ணுக்குத் தெரியும். 1940-களில் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் பண்ணையாட்களைத் திரட்டியபோது சவுக்கடியும் சாணிப்பாலும் ஒழிய வேண்டும் என்று கேட்டார்கள். கூடவே, கூலி நெல்லை முத்திரை போட்ட மரக்காலில் அளக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். அளக்கிற மரக்காலைப் பற்றிக் கேட்க வேண்டியிருந்தது என்றால் அதற்கு முன் எதில் அளந்தார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், எரிந்துபோனதற்குப் பின்னால் இருந்ததும் அரைப்படி நெல் கூலித் தகராறு. இந்திரா பார்த்தசாரதி 1975-இல் 'குருதிப்புனல்' எழுதினார். 1977-இல் அதற்கு சாகித்ய அகாதெமி பரிசு. அதில் நிலப்பிரபு கண்ணையா நாயுடுவின் வெறிக்கு ஆண்மைக் குறைவைக் காரணமாக்கிவிட்டார் என்று இடதுசாரிகள் சண்டை பிடித்தார்கள். அந்தச் சண்டையில் நான் அவர்கள் பக்கம். நெல்லைப் பற்றிய குற்றத்தைக்கூட நாம் படுக்கையறை வழியாகப் போய்த்தான் பார்க்கிறோம். இரவு தாமதமாக வீடு திரும்பிய எத்தனையோ மிராசுதார்களுக்கு இலை போட்டுப் பரிமாறிய மனைவிகள் இருந்திருப்பார்கள். வேஷ்டியில் மண்ணெண்ணெய் வாசனை அடித்ததா என்று அவர்களில் ஒருத்தியின் மூக்கு வழியாக ஒரு சிறுகதை இந்த ஐம்பத்து சொச்சம் வருஷத்தில் வந்திருக்கக் கூடாதா?

இதில் நான் வெளியாள் அல்ல. வெண்ணாற்றங்கரையில் எங்களுக்குச் சுமாரான பண்ணை. பத்தாயத்துச் சாவி அப்பாயியின் இடுப்பில் இருக்கும். களத்தில் அளப்பது காரியஸ்தர். கொல்லைப்புறம் வந்து நிற்கிற பெண்களுக்கு அளப்பது அப்பாயி. நிலைக்குப் பக்கத்தில் பித்தளைப் பூண் போட்ட மரக்கால் இரண்டு இருக்கும். சிறுவயதில் எனக்கு அவை அண்ணன் தம்பிபோலத் தெரியும். வந்த நெல்லைப் பெரியதில் அளந்து வாங்குவாள், போகிற நெல்லைச் சின்னதில் அளந்து போடுவாள். கை தவறி மாற்றி எடுத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை. அளந்து முடித்துவிட்டு, மேலே ஒரு கைப்பிடி அள்ளிப் போடுவாள், தர்மமாக. யாராவது கூலி உயர்வு என்று பேச்செடுத்தால், "எனக்கு என்னடி தெரியும், ஆம்பளைங்க சமாச்சாரம்" என்பாள். வரி அதிகாரியின் முன் ஸ்கைலர் அசடு வேஷம் கட்டியபோது எனக்குச் சிரிப்பு வராமல் போனதற்குக் காரணம் இது. எழுதப் படிக்கத் தெரியாத அப்பாயிக்கு மூன்று போகத்துக் கணக்கும் விரல் நுனியில் இருக்கும்.

அவள் செத்தபோது ஊரே வந்தது. மகராசி, பத்தினி, தீர்க்க சுமங்கலியாகப் போய்ச் சேர்ந்தாள் என்றார்கள். எல்லாமே உண்மை. கொல்லைப்புறத்துப் பெண்களும் மாரடித்து அழுதார்கள். அந்த அழுகை எவ்வளவு உண்மை என்பதை இன்றும் என்னால் நிர்ணயிக்க முடியவில்லை. அந்தக் கடைசிக் கைப்பிடி நெல்லை அவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம். நான் பலமுறை அவளைக் கதையாக எழுதப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் பாட்டியைப் பற்றிய நெகிழ்ச்சிச் சித்திரமாகவே முடிந்தது. பேரனின் கண்ணும் அப்புவின் கண் மாதிரிதான், நிமிர்ந்து பார்த்தே பழகியது. ஜானகிராமனை மேலே குறை சொன்னேனே, அந்தக் குறை எனக்கும் உண்டு. அவருக்கு அலங்காரம் கிடைத்தாள். எனக்கு இரண்டு மரக்கால்தான் மிஞ்சியிருக்கின்றன.

ஊர் திரும்புகிற அன்று காலை இதையெல்லாம் பையன்களிடம் சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்கு அப்பாயி கொள்ளுப்பாட்டி முறை. கூடத்தில் மாலை போட்ட படமாக மட்டும் தெரியும். மூத்தவன் சற்று நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அவங்களை ஏன் மாமா இதுல இழுக்கறீங்க? அவங்க யார்கூடயும் போகலியே" என்றான்.