தோழர் இழப்பும் குற்றவுணர்வும்: ‘புதியதோர் உலகம்’ நாவல் பற்றிய ஒரு நோக்கு

தலைவனையும் நண்பனையும் இழந்தோரின் துயரத்தைக் கையறுநிலை எனத் தனித்துறையாக வகுத்தது தமிழ் இலக்கிய மரபு. பாரியை இழந்த கபிலரின் புறநானூற்றுப் பாடல்கள் இதற்குத் தக்க சான்று. எனினும், அங்கு பாரியின் பகைவராகிய மூவேந்தர் வெளியே நிற்கின்றனர். அழுபவர் கொலையிற் பங்காளியல்லர். தோழரைக் கொன்றவர் தோழரேயாகும்போது அத்துயரத்தின் தன்மை யாதாகும்? ஈழத்துத் தமிழ் நாவலில் இவ்வினாவை எழுப்பிய ஆக்கங்களுள் கோவிந்தனின் ‘புதியதோர் உலகம்’ (1985) முதன்மையானது.

தமிழீழ மக்கள் விடுதலைக் கழகத்திலிருந்து பிரிந்து ‘தீப்பொறி’ என்னும் பெயரில் இயங்கிய இளைஞரிடையே தோன்றியது இந்நாவல். தமிழ்நாட்டில் நடத்தப்பட்ட பயிற்சி முகாம்களின் அனுபவமே இதன் பொருள். விடுதலையை நம்பி வீட்டையும் படிப்பையும் துறந்து சென்ற இளைஞர், வினா எழுப்பியமைக்காகத் தம் இயக்கத்தவராலேயே வதைக்கப்படுவதையும் கொல்லப்படுவதையும் இது சித்திரிக்கின்றது.

எஞ்சியவனின் குற்றவுணர்வைத் தனிமனித மனநோயாகக் காணும் திறனாய்வு இங்கு பயன்படாது. உயிர் தப்பியமை மட்டுமன்று, தோழன் இழுத்துச் செல்லப்படுகையில் மௌனம் காத்தமையும், அம்மௌனத்திற்குக் கட்டுப்பாடு எனப் பெயர் சூட்டியமையுமே இக்குற்றவுணர்வின் ஊற்றுக்கண். புரட்சி, வர்க்கம் என்னும் எமது சொற்களே அக்கொலைகளுக்குப் போர்வையாயின என்பதை முற்போக்கு வாசகராகிய நாம் மறைத்தல் தகாது.

அவசரத்தில் எழுதப்பட்ட சாட்சியத்தின் குறைபாடுகள் நாவலில் உண்டு. அரசியல் விவாதம் சிலவிடத்துப் பாத்திரங்களை விழுங்கிவிடுகின்றது. ஆயினும், இக்குறையினூடாகவும் அனுபவத்தின் உண்மை புலப்படுகின்றது.

கலேவெலவிலிருந்து இதனை எழுதும் எமக்கு இது தமிழர்க்கு மட்டும் உரிய துயரமாகத் தோன்றவில்லை. 1987–1989 கிளர்ச்சிக் காலத்தில் இம்மாத்தளை மாவட்டத்திலும் சிங்கள இளைஞர் பலர் காணாமற்போயினர். அரச படையினர் கொன்றனர். மக்கள் விடுதலை முன்னணியினரும் மாற்றுக் கருத்தினரைக் கொன்றனர். 2012 இன் இறுதியில் மாத்தளை வைத்தியசாலை வளவில் மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அகழ்வில் 150க்கு மேற்பட்டோரின் எலும்புக்கூடுகள் கிடைத்தன. அவை எக்காலத்தவை என்பதிற் கருத்து வேறுபாடு எழுந்தது. எலும்புகளின் காலத்தை ஆய்வுகூடம் கணிக்கலாம். அண்டை வீட்டான் கொண்டு செல்லப்பட்டபோது கதவடைத்திருந்தோரின் மனச்சான்றை ஆராய்வது இலக்கியத்தின் பணி.

கோவிந்தனும் பின்னர் விடுதலைப் புலிகளாற் பிடிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். அவரைப் போற்றி அஞ்சலி செலுத்துவது எளிது. அவர் தம் இயக்கத்தை நோக்கி எழுப்பிய வினாவை நாம் ஒவ்வொருவரும் எமது அமைப்புகளை நோக்கி எழுப்புவதே அவருக்குச் செய்யத்தக்க கடன்.