குக்கரில் எழும் கேக்

வீட்டில் கேக் செய்து விற்பவர்கள் பலருக்கு முதல் ஓவன் அடிகனமான பிரஷர் குக்கர்தான். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் அடியில் கல்லுப்பைப் பரப்பி, ஸ்டாண்டின் மேல் மாவு டின்னை இறக்குவார்கள். உப்பு சூட்டை வாங்கிப் பரவலாகக் கொடுக்கும். 180 டிகிரி என்று திருப்பிவைக்கக் குமிழ் கிடையாது. தீயின் உயரமும் வெண்ணெய் வாசனையும்தான் கணக்கு. இந்தக் கைப்பக்குவம் எனக்குப் பெரிய வித்தையாகவே படுகிறது. மேல்புறம் அவ்வளவாகச் சிவக்காது. அந்த வெளிர் நிறமும் ஓர் அழகுதான், உள்ளே பஞ்சாக இருக்கும்போது!

பிறந்தநாள் ஆர்டர்கள் கூடக்கூட நிஜ ஓவன் வரும், உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் வரும். பிறகு தெருமுனைக் காலிக் கடைமேல் கண் விழும். கண்ணாடி அலமாரியின் முதல் தட்டில் பிளம் கேக்கா, தேங்காய் பன்னா என்பதுவரை மனதுக்குள் அடுக்கி வைத்திருப்பார்கள்.