கேள்வியை முழுதாகப் படித்தவர்கள்: கட்டற்ற மென்பொருள் மரபில் பழகும் முறை

மலர்க் குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டதால் இதை எழுதுகிறேன். என்னிலும் மூத்தவர்கள் இந்த மலரில் எழுதுகிறார்கள். அவர்கள் முன்னிலையில் குனு, லினக்ஸ் வரலாற்றை நான் சொல்லத் தேவையில்லை. எந்தப் பள்ளி எப்படிப் பழகச் சொன்னது, அதில் எங்கள் ஆம்பூர்ப் பக்கம் எதை எடுத்துக்கொண்டது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

கெர்னல்காரர்களின் பள்ளி கண்டிப்பில் வளர்ந்தது. நிரல் தப்பென்றால் எழுதியவரையும் சேர்த்து வறுத்தெடுப்பது அங்கே நேர்மையாகக் கருதப்பட்டது. 2015 மார்ச்சில் அவர்கள் எழுதிவைத்த முதல் நெறிகூட, விமரிசனம் கடுமையாகத்தான் இருக்கும், அதற்குத் தயாராக வாருங்கள் என்ற தொனியில்தான் இருந்தது. 2018 செப்டம்பர் 16 அன்று லினஸ் டோர்வால்ட்ஸ் தம் சுடுசொற்களுக்காக மன்னிப்புக் கேட்டுச் சில வாரங்கள் ஒதுங்கி நின்றார். பொறுப்பை கிரெக் குரோவா-ஹார்ட்மன் ஏற்றார். கோரலின் அடா எம்கே 2014-ல் உருவாக்கிய பங்களிப்பாளர் உடன்படிக்கையைத் தழுவிய நெறி அப்போதுதான் கெர்னலுக்கு வந்தது. இனித் தரம் போய்விடும் என்று நம் வட்டாரத்திலும் சிலர் புலம்பினார்கள். ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு கெர்னல் இன்றும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

டெபியன் பள்ளி எதையும் வாக்கெடுப்பில் வைக்கும். நடத்தை நெறியையும் 2014-ல் அப்படித்தான் ஏற்றது. உபுண்டுவில் உறுப்பினராக வேண்டுமென்றால் நெறியில் கையொப்பமிட்டாக வேண்டும். குனு பள்ளி வேறு வழி. ரிச்சர்ட் ஸ்டால்மன் 2018 அக்டோபரில் தந்த கனிவுரையாடல் வழிகாட்டியில் தண்டனை கிடையாது. எப்படிப் பேசினால் புதியவர் விலகிப் போகாமல் இருப்பார் என்ற யோசனைகள் மட்டுமே. மனத்தளவில் நான் குனு பக்கம். ஆனால் ஒரு பெண் தனியாக வந்து உட்காரும் கூட்டத்தில், தவறு நடந்தால் யாரிடம் போய்ச் சொல்வது என்பது எழுத்தில் இல்லாவிட்டால், கனிவு பற்றிய யோசனைகள் அவளுக்கு உதவாது. இந்த இடத்தில் டெபியன்காரர்கள் செய்ததே சரி.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நடத்தை நெறி புதிய சங்கதி அல்ல. வெளிநாட்டு பையர் கேட்பதால் ஷூ கம்பெனிச் சுவரில் அதைச் சட்டம் போட்டு மாட்டியிருப்பார்கள். ஆடிட்டுக்கு முதல் நாள் கண்ணாடியைத் துடைப்பார்கள். அதன் கீழே நின்றபடியே சூப்பர்வைசர் அதட்டுவதைக் கேட்ட தாய்மாரின் பிள்ளைகள்தான் எங்கள் லினக்ஸ் வகுப்புக்கு வந்தார்கள். நெறியை வாசித்துக் காட்டியபோது அவர்கள் முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அவர்களை நம்பவைத்தது எங்கள் ஆசிரியர் பழகிய விதம்.

மலரில் தம் பெயர் வரக்கூடாது என்பது அவர் கட்டளை, மீற மாட்டேன். டேனரியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். இரண்டாம் சனிக்கிழமைகளில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறி, சென்னை ஐஐடியின் விண்வெளிப் பொறியியல் வகுப்பறையில் நடந்த லினக்ஸ் பயனர் குழுக் கூட்டத்துக்குப் போவார். கென்னத் கொன்சால்வெஸை அங்கே கேட்டுத்தான், கேள்வி கேட்பதற்கும் பதில் எழுதுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டென்று கற்றேன் என்பார். பைத்தான்காரர்கள் கென்னத்தின் பெயரால் விருது வழங்குவதை இந்த அவை அறியும். 2012-ல் அவர் மறைந்த செய்தி வந்த அன்று எங்கள் ஆசிரியர் வகுப்பை நிறுத்தவில்லை. ஆனால் அன்று பேசியதெல்லாம் அவரைப் பற்றித்தான்.

பத்து வயதுப் பிள்ளையையும் ஆசிரியர் “வாங்க, உட்காருங்க” என்றுதான் அழைப்பார். வீட்டில் உருது பேசும் பிள்ளைகளுக்குத் தமிழில் புரியாததை உருதுவிலேயே சொல்வார். அவர்களுக்கு அவர் “பாய்”, மற்றவர்களுக்கு “அண்ணா”. சொல்லிக்கொடுக்கும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். கற்பவர் கையிலிருந்து மவுஸை வாங்குவது அவர் வகுப்பில் பெருங்குற்றம். ஒருவர் பிழை என்று வந்தால் முதலில் அதே பிழையைத் தம் கணினியில் வரவழைத்துப் பார்ப்பார்; அதன் பிறகுதான் வாய் திறப்பார். கேள்வி நோட்டு ஒன்றிருந்தது. கேட்டவர் பெயர், தேதி, பதில் சொன்னவர் பெயர், எல்லாம் வரிசையாக ஏறும். பதில் கிடைக்காத கேள்விகளை அடுத்த வாரம் வகுப்பு தொடங்கும் முன் உரக்கப் படிப்பார். தெரியாது என்று சொன்ன சீனியர் யாரையும் அவர் குறைவாக நினைத்ததில்லை. கேள்வியைப் பாதியில் வெட்டியவர்களை வெளியே கூட்டிப்போய், டீ வாங்கிக் கொடுத்து, தனியாகப் பேசுவார்.

மற்றப் பள்ளிகளுக்கும் உரிய மரியாதை உண்டு. த. சீனிவாசன் 2012-ல் தொடங்கிய கணியம் மின்னிதழ், எழுதத் தெரியாது என்று தயங்கியவர்களையெல்லாம் எழுதவைத்தது. காஞ்சி லினக்ஸ் குழு வாரந்தோறும் தமிழிலேயே பேசி, ஆங்கிலத்துக்கு அஞ்சியவர்களை உள்ளே கொண்டுவந்தது. விழுப்புரத்துத் தோழர்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார்கள். 2023 ஜனவரியில் டெபியன்காரர்களின் மினி டெப்கான்ஃபையே தங்கள் ஊருக்கு வரவழைத்தார்கள்.

இப்போது வேதனையானதைச் சொல்லவேண்டும். யாரையும் சுட்டவில்லை, நான் சொல்பவர்களும் நல்ல மனத்தோடு உழைப்பவர்கள்தான். ஆனால் கேள்வியைப் படிக்கும் வழக்கமே நம்மிடம் அழிந்துவருகிறது. அண்மையில் ஒரு மாணவி, டெபியனில் வைஃபை வரவில்லை என்று குழுவில் எழுதினாள். மடிக்கணினியின் மாடல், கெர்னல் பதிப்பு, பிழைச் செய்தி, தான் செய்துபார்த்தவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லியிருந்தாள். நம் ஆசிரியர்கள் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சீனியர், ஏஐ எழுதிக்கொடுத்த நீண்ட பதிலை அப்படியே கொண்டுவந்து ஒட்டினார். அதிலிருந்த கட்டளைகள் ஃபெடோராவுக்கு உரியவை. அவள் நன்றி சொல்லிவிட்டுப் போனாள். அதன்பின் அவளைக் குழுவில் காணவில்லை.

கையேட்டைப் படி என்று அன்றைய கெர்னல்காரர் எரிந்துவிழுந்தார் என்றால், அதற்கு முன் அவர் கேள்வியையாவது படித்திருந்தார். அவருடைய கோபத்தில்கூட ஒரு கவனம் இருந்தது. இன்றைய பதிலில் ஒரு கெட்ட சொல் இல்லை, எந்த நெறியும் மீறப்படவில்லை, புகார் கொடுக்க ஒன்றுமில்லை. அங்கே மனிதரும் இல்லை. ஏஐயிடம் கேட்க அந்தப் பெண்ணுக்கே தெரியாதா? அவள் நம்மிடம் வந்தது நமக்காக அல்லவா? முப்பது ஆண்டுகளாக இரயிலேறிப் போய், சொந்தக் காசில் வட்டு எழுதிக் கொடுத்து, இரவெல்லாம் விழித்திருந்து பெரியவர்கள் கட்டிய இந்த மரபு வழக்குகளாலோ பெரிய கம்பெனிகளாலோ அழியவில்லை. இந்த ஒட்டுப் பதில்களால் அழிந்துவிடும் என்று நான் உண்மையாகவே அஞ்சுகிறேன். மூலநிரல் திறந்து கிடக்கும், பார்க்க ஆளிருக்காது.

நடத்தை நெறி வரைவு ஒன்று நம் செயற்குழுவின் முன் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வசைக்கும் தொல்லைக்கும் எதிரான பகுதிகளை அப்படியே ஏற்கலாம். புகார் கேட்க இருவர், அவர்களில் ஒருவராவது பெண், இருவருடைய கைப்பேசி எண்ணும் கூட்ட வாசலில் தமிழிலும் உருதுவிலும் ஒட்டப்பட வேண்டும். புகாருக்கு எத்தனை நாளில் பதில் என்பதும் எழுதப்பட வேண்டும். இவற்றோடு இன்னும் இரண்டு விதிகள் சேர்க்க வேண்டுகிறேன். தானே செய்துபார்க்காத பதிலைக் குழுவில் போடுபவர், செய்துபார்க்கவில்லை என்று அங்கேயே எழுத வேண்டும். ஒரு வாரம் பதிலின்றிக் கிடக்கும் கேள்விகளை மாதக் கூட்டத்தின் முதல் வேலையாக, கேட்டவர் பெயரோடு படிக்க வேண்டும். எங்கள் ஆசிரியரின் கேள்வி நோட்டுகள் என்னிடம் இருக்கின்றன. எப்படி எழுதிவைப்பது என்று பார்க்க விரும்பும் கிளைகளுக்கு அனுப்பிவைக்கிறேன்.