ரசனையுள்ள தணிக்கை

தணிக்கைக்கு எதிராக எழுதும்போது நாம் வழக்கமாகச் சொல்வது ஒன்றுண்டு. தணிக்கையாளனுக்கு ரசனை கிடையாது. அவன் வார்த்தையைப் பார்க்கிறான், படைப்பைப் பார்ப்பதில்லை. முழுமையைப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பிரச்னையே இராது. இது நமக்குச் சௌகரியமான நம்பிக்கை. அமெரிக்க வானொலியின் அரை நூற்றாண்டு அனுபவம் இதற்கு நேர்மாறான ஒன்றைக் காட்டுகிறது. அங்கே அரசு ரசனையற்றதாக இருந்த வருஷங்களில் கலைஞன் ஒருவாறு பிழைத்துக்கொண்டான். அரசு 'சூழலைப் பார்த்து' மதிப்பிட ஆரம்பித்த பிறகே அவன் பாடு மோசமாயிற்று.

முதலில் ஒரு கவிதையின் கதை. ஆலன் கின்ஸ்பெர்கின் 'ஹௌல்' 1956இல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் ஸிட்டி லைட்ஸ் வெளியீடாக வந்தது. அடுத்த வருஷமே ஆபாச வழக்கு. பதிப்பாளர் லாரன்ஸ் ஃபெர்லிங்கெட்டியின் தரப்பில் ஒன்பது இலக்கியவாதிகள் சாட்சிக் கூண்டில் ஏறினார்கள்; மார்க் ஷோரர், கென்னத் ரெக்ஸ்ராத் ஆகியோர் அவர்களில் இருவர். 1957 அக்டோபர் 3ஆம் தேதி நீதிபதி க்ளேய்ட்டன் ஹார்ன், கவிதைக்குச் சமூக முக்கியத்துவம் உண்டு, அது ஆபாசமல்ல என்று தீர்ப்புச் சொன்னார். விமர்சனம் நீதிமன்றத்தில் ஜெயித்த அபூர்வமான நாள் அது.

அந்தத் தீர்ப்பின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு 2007இல் வந்தது. நியூயார்க்கின் டபிள்யூ.பி.ஏ.ஐ. வானொலி, நேயர்களின் சந்தாவில் நடக்கும் சிறு நிலையம், கவிதையைக் காற்றில் விட அஞ்சிற்று. கவிஞர் வாசித்த பதிவு இணையத்தில் மட்டும் வைக்கப்பட்டது. இதற்கு முன்பு, 1988 ஜனவரியிலும் இதேதான். அந்த நிலையம் சார்ந்த பசிஃபிகா நிறுவனம் தணிக்கை பற்றிய ஒரு தொடர் நிகழ்ச்சியில் 'ஹௌல்' வாசிப்பைச் சேர்ப்பதாக இருந்தது, பிறகு கைவிட்டது. தணிக்கை பற்றிய நிகழ்ச்சியே தன்னைத் தணித்துக்கொண்டது. இரண்டு முறையும் யாரும் தடை விதிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உத்தரவு இல்லை, கத்திரிக்கோல் இல்லை. ஒரு தொகை மட்டும் இருந்தது. 2006இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு மீறலுக்கான உச்ச அபராதத்தை 32,500 டாலரிலிருந்து 3,25,000 டாலராக உயர்த்தியிருந்தது. 'ஹௌல்' போன்ற ஒரு கவிதையில் எத்தனை மீறல்கள் என்று எந்தச் சிறு நிலையமும் எண்ணிப் பார்க்கத் துணியாது.

அச்சில் விடுதலையான கவிதை வானொலியில் எப்படிக் கைதியாயிற்று? அங்கே சட்டம் இரண்டு சொற்களைப் பிரித்து வைத்திருக்கிறது: ஆபாசம், அநாகரிகம். ஆபாசம் என்று தீர்மானிக்க ஒரு படைப்பை முழுமையாகப் பார்க்க வேண்டும்; இலக்கிய மதிப்பு இருந்தால் அது ஆபாசமாகாது. அநாகரிகத்துக்கு இந்தக் காப்பு இல்லை. வானொலி, தொலைக்காட்சி இரண்டுக்கும் மட்டும் உரிய குற்றம் இது. 1927ஆம் ஆண்டு வானொலிச் சட்டத்தின் 29ஆம் பிரிவு இதன் ஊற்று. அரசு ஒலிபரப்பைத் தணிக்கை செய்யக் கூடாது என்றும், அநாகரிகமான மொழியை யாரும் ஒலிபரப்பக் கூடாது என்றும் அந்த ஒரே பிரிவு சொல்லிற்று. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் நடுவில்தான் எஃப்.சி.சி. என்ற ஆணையம் இன்றுவரை உட்கார்ந்திருக்கிறது.

1973 அக்டோபர் 30ஆம் தேதி பிற்பகல் இரண்டு மணிக்கு இதே டபிள்யூ.பி.ஏ.ஐ., ஜார்ஜ் கார்லினின் ஒரு தனியுரையை ஒலிபரப்பியது. காற்றில் சொல்லக் கூடாத வார்த்தைகள் ஏழு என்று பட்டியலிட்டு, அவற்றைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அவை ஏன் அச்சம் தருகின்றன என்று கேட்கும் பன்னிரண்டு நிமிஷப் பேச்சு. மகனுடன் காரில் போய்க்கொண்டிருந்தபோது கேட்டதாக ஒரு தகப்பனார் ஆணையத்துக்குப் புகார் எழுதினார். 1978இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் ஆணையத்தின் பக்கம் நின்றது. நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸின் வாதம் இதுதான்: ஒலிபரப்பு வீட்டுக்குள்ளேயே நுழைகிறது, எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்கும் அது எட்டுகிறது, ஆகவே அச்சுக்குள்ள முழுச் சுதந்திரம் அதற்கு இல்லை. தீர்ப்பின் பின்னிணைப்பாகக் கார்லினின் உரை முழுவதும் அச்சாயிற்று. காற்றில் சொல்லக் கூடாத ஏழும் நாட்டின் சட்ட நூலகங்களில் எல்லாம் ஏறிவிட்டன.

ஸ்டீவன்ஸின் வாதத்தை முட்டாள்தனம் என்று தள்ளுவது எளிது, நேர்மையல்ல. குழந்தை பொய்யல்ல. தகப்பனின் சங்கடமும் பொய்யல்ல. ஆனால் குழந்தையை முன்னிறுத்திப் பேசியவர்கள் எல்லோரும் ஆணையத்தின் பக்கம் இருக்கவில்லை. பிற்பாடு ஆணையத்தை எதிர்த்து நடந்த பெரிய வழக்குகளின் தலைப்பில் இருக்கும் பெயர், குழந்தைகளுக்கு நல்ல நிகழ்ச்சிகள் வேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராடிய 'ஆக்‌ஷன் ஃபார் சில்ட்ரன்ஸ் டெலிவிஷன்' என்ற அமைப்பின் பெயர். அந்த வழக்குகளின் முடிவில், 1995இல், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை அநாகரிகத்துக்கு விலக்கு என்பது உறுதியாயிற்று.

இதற்கிடையில் நடந்த ஒன்றுதான் என் வாதத்துக்கு முக்கியம். 1978 தீர்ப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஒன்பது வருஷம் ஆணையம் அந்த ஏழு வார்த்தைகளோடு நின்றுகொண்டது. அவற்றைப் பகலில் திரும்பத் திரும்பச் சொன்னால் குற்றம். மற்றதெல்லாம் உன் பாடு. அந்த வருஷங்களில் ஒரு நிலையம்கூட அநாகரிகத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை. பட்டியல் முட்டாள்தனமானது. அதற்குக் கவிதையும் வசவும் ஒன்றே. ஆனால் அது எங்கே முடிகிறது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

1987இல் ஆணையத்துக்கு ரசனை வந்தது. இனி வார்த்தைப் பட்டியல் போதாது. பாலுறுப்புகளையோ உடற்கழிவையோ பற்றி, சமகாலச் சமூக அளவுகோலின்படி, அந்தச் சூழலில் அப்பட்டமாக மனம் புண்படும் வகையில் சொல்வது எதுவும் குற்றம் என்று அறிவித்தது. சூழல், தொனி, அழுத்தம், நோக்கம் என இவையெல்லாம் நம் சொற்கள். விமர்சகன் கவிதைக்கு முன்னால் உட்கார்ந்து பயன்படுத்தும் கருவிகள். அவற்றை ஆணையம் எடுத்துக்கொண்டது. பசிஃபிகா உடனே ஒரு கேள்வி கேட்டது: ஜாய்ஸின் 'யுலிஸிஸ்' நாவலை வானொலியில் வாசிக்கலாமா? 1933இலேயே நீதிமன்றம் விடுவித்த நூல் அது. முன்கூட்டிச் சொல்ல முடியாது என்றது ஆணையம். வாசித்துப் பார், பிறகு சொல்கிறோம் என்பதே அதன் பொருள். இது சோம்பேறித்தனமல்ல. நுட்பமான மதிப்பீடு முன்கூட்டிச் சொல்லக்கூடியதல்ல என்பது விமர்சகனுக்கும் தெரிந்த உண்மை. விமர்சனத்தில் அது பலம். சட்டத்தில் அதுவே பயங்கரம்.

இந்த விமர்சனத்தின் தரத்தையும் பார்க்கலாம். ஸாரா ஜோன்ஸின் 'யுவர் ரெவல்யூஷன்' என்ற கவிதை, பிரபலமான ராப் பாடல்கள் பெண்ணை உடலாக மட்டும் காண்பதைத் தாக்குவது. அதற்காக அந்தப் பாடல்களின் மொழியையே எடுத்துத் திருப்புவது. போர்ட்லண்டின் கே.பி.ஓ.ஓ. நிலையம் இதை ஒலிபரப்பியதற்கு 2001இல் 7,000 டாலர் அபராதம். பழிக்கப்படும் பேச்சையும் பழிக்கும் பேச்சையும் ஆணையம் ஒன்றாகவே கேட்டது. கவிஞர் நீதிமன்றம் போனார். 2003இல், இது இரண்டு பக்கமும் பேசக்கூடிய நெருக்கமான வழக்கு என்று ஒப்புக்கொண்டு அபராதத்தை விலக்கிக்கொண்டது. கேலி எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க அரசுக்கு இரண்டு வருஷம்!

அடுத்தது இன்னும் தெளிவானது. 'ஸேவிங் பிரைவேட் ரயன்' படத்தை 2004 நவம்பரில் ஏ.பி.ஸி. தொலைக்காட்சி அப்படியே காட்டிற்று. 60க்கும் மேற்பட்ட நிலையங்கள் பயந்து விலகிக்கொண்டன. படத்தில் சிப்பாய்கள் வைகிறார்கள். போரின் உண்மைக்கு அந்த வார்த்தைகள் அவசியம், அவற்றை மாற்றினால் படைப்பு வலுவிழக்கும் என்று 2005இல் ஆணையம் தீர்ப்பளித்தது. நல்ல விமர்சனம்தான். அடுத்த வருஷம் மார்ட்டின் ஸ்கார்ஸெஸி தயாரித்த ப்ளூஸ் இசை பற்றிய ஆவணப்படத் தொடரின் ஒரு பகுதி ஆணையத்தின் முன் வந்தது. அதே வார்த்தைகள். பேசுகிறவர்கள் இசைக் கலைஞர்கள், அதைச் சுற்றி வாழ்ந்தவர்கள். நடிப்பல்ல, அவர்கள் பேச்சு. இங்கே அந்த வார்த்தைகள் அவசியம் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது ஆணையம். கே.ஸி.எஸ்.எம். என்ற கல்லூரி நிலையத்துக்கு 15,000 டாலர் அபராதம். நடிகன் சிப்பாய் வேஷத்தில் வைதால் யதார்த்தம். ப்ளூஸ்காரன் தன் வாயால் பேசினால் அநாகரிகம். இந்த வேறுபாட்டைக் கலை நியாயம் எதுவும் விளக்காது. யாருடைய பேச்சு ஆணையத்தின் காதுக்குப் பழக்கம் என்பதே விளக்கும்.

1978இலேயே நீதிபதி வில்லியம் ப்ரென்னன் தம் மாறுபட்ட தீர்ப்பில் இதைச் சொல்லியிருந்தார். இந்த வார்த்தைகளை அன்றாடம் புழங்கும் சமூகங்கள் நாட்டில் இருக்கின்றன, அவர்களைப் போல் பேசாதவர்களின் செவியை அளவுகோலாக்குகிறீர்கள் என்றார். நமக்கு இது புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. நன்னூல் இடக்கரடக்கலைத் தகுதி வழக்கில் வைக்கிறது. மங்கலமும் குழூஉக்குறியும் அங்கேதான் பக்கத்தில் இருக்கின்றன. சபை அறிந்து மறைத்துச் சொல்வதும், ஒரு குழுவார் தமக்குள் வேறாகச் சொல்வதும் ஒரே இடத்தில், வழக்காக, பேசுகிறவர்களின் உடைமையாக வைக்கப்பட்டிருக்கின்றன. இலக்கணகாரன் இருப்பதை விவரித்தான். அபராதம் போடவில்லை.

2010இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தச் சிப்பாய்-ப்ளூஸ் முரணையும் எடுத்துக்காட்டி, ஆணையத்தின் கொள்கை முழுவதுமே தெளிவற்றது, ஆகவே செல்லாது என்றது. 2012இல் உச்ச நீதிமன்றம், நிலையங்களுக்கு முன்னறிவிப்பு இல்லை என்ற குறுகிய காரணத்தில் மட்டும் அபராதங்களை நீக்கிவிட்டு, அடிப்படைக் கேள்வியைத் தொடாமல் எழுந்துவிட்டது. 1978 தீர்ப்பு அப்படியே நிற்கிறது.

எழுத்தாளர்கள் இதில் என்ன நிலை எடுப்பது? பழக்கமான நிலை, எங்களுடையது இலக்கியம், எங்களுக்கு விலக்கு வேண்டும் என்பது. 1957இல் ஒன்பது சாட்சிகள் பெற்றுத் தந்தது அந்தச் சான்றிதழ்தான். அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஒருவர் சிறைக்குப் போகாமல் இருக்க அது தேவைப்பட்டது. ஆனால் சான்றிதழ் கேட்பவன், சான்றிதழ் வழங்கும் அதிகாரத்தையும் சேர்த்து வழங்கிவிடுகிறான். சிப்பாய்ப் படத்துக்குக் கிடைத்ததும் அதே சான்றிதழ். கார்லினுக்கு அது கிடைக்காது. அவர் வெறும் மேடைக் கோமாளி. ப்ளூஸ்காரனுக்கும் கிடைக்கவில்லை. கடைசியில், முதலில் பெற்ற 'ஹௌலு'க்கே வானொலியில் அது செல்லாக்காசாயிற்று.

இரவு 10 மணிக்கு மேல் வாசித்திருக்கலாமே என்று கேட்கலாம். கடிகாரம் பாரபட்சமற்றது என்பது உண்மை. ஆனால் எதை இரவுக்குத் தள்ளுவது என்று கடிகாரம் தீர்மானிப்பதில்லை, வாசிக்கிறவன் தீர்மானிக்கிறான். அந்த வாசகன் அரசாக இருக்கும்வரை, அவன் எவ்வளவு நுட்பமாக வாசிக்கிறானோ அவ்வளவு ஆபத்து. விமர்சகன் தவறாக வாசித்தால் அடுத்த இதழில் பதில் எழுதலாம். அவனுடைய 'சூழல்' ஓர் அழைப்பு. ஆணையத்தின் 'சூழல்' ஒரு ரசீது. அரசு தடுத்தே தீர வேண்டுமென்றால் ஏழு வார்த்தைகளைச் சுவரில் எழுதி வைத்துவிட்டு விலகிக்கொள்ளட்டும். ரசனை என்று ஒன்று அதற்கு வேண்டாம்.

2007இல் இணையத்தில் 'ஹௌல்' இருந்தது. யார் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம் என்பார்கள். தேடிப் போனவன் கேட்டிருப்பான். அவனுக்குக் கவிதையின் பெயர் முன்பே தெரியும். வானொலியின் இயல்பு வேறு. சமைத்துக்கொண்டோ கார் ஓட்டிக்கொண்டோ இருப்பவன், அப்படி ஒரு கவிதை இருப்பதையே அறியாதவன், திடீரென்று அதைக் கேட்க நேர்வது அங்கேதான். ஸ்டீவன்ஸ் தொந்தரவு என்று கண்டதும் இந்த எதிர்பாராத நுழைவைத்தான். கவிதை புது வாசகனைப் பெற்ற வழியும் பெரும்பாலும் அதுதான்.